கத்தி வைக்காமல் மூலத்துக்குச் சிகிச்சை: முதல் பரிசோதனையிலிருந்து ரப்பர் வளையம் விழும் நாள் வரை

ஆசனவாய்க்குள் சுமார் 2 செ.மீ. ஆழத்தில், பல் வரிசைபோல நெளிந்த ஒரு கோடு ஓடுகிறது. பற்கோடு என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேலே இருப்பது குடலின் உள்சவ்வு. அங்கே கிள்ளினாலும் கட்டினாலும் சுருக்கென்ற வலி தெரியாது. அழுத்துவதும் இழுப்பதும் மட்டும்தான் தெரியும். அதற்குக் கீழே இருப்பது தோல். அங்கே ஊசி முனை பட்டாலே உயிர் போகும். மயக்க மருந்து இல்லாமல், கத்தி இல்லாமல், கால் மணி நேரத்தில் மூலத்துக்குச் சிகிச்சை செய்து வீட்டுக்கு அனுப்ப முடிகிறதென்றால் அதற்குக் காரணம் இந்தக் கோடுதான். அதே சிகிச்சை சிலருக்குத் தாங்க முடியாத வேதனையாகிப்போவதற்கும் இந்தக் கோடுதான் காரணம்.

எனவே மருந்தோ, ஊசியோ, வளையமோ, எதைப் பற்றிப் படித்தாலும் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: என்னுடைய கட்டி கோட்டுக்கு மேலா, கீழா?

முதலில், அது மூலம்தானா?

மூலம் என்பது புதிதாக முளைக்கும் கட்டி அல்ல. எல்லாருக்கும் பிறவியிலேயே அங்கே ரத்தக்குழாய் நிறைந்த மூன்று மெத்தைகள் உண்டு: இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் முன்னும் பின்னுமாக இரண்டு. காற்றும் நீரும் கசியாமல் வாயை மூடி வைப்பது அவற்றின் வேலை. பல ஆண்டுகள் முக்கி முக்கி, அவற்றைப் பிடித்து நிறுத்தும் நார்கள் தளர்ந்து மெத்தை கீழே சரியும்போதுதான் அது நோயாகிறது. உடம்புச் சூட்டால் வருவது என்று நம் வீடுகளில் சொல்வதில் உள்ள உண்மை, தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும் என்பது மட்டுமே.

உள்மூலம் கோட்டுக்கு மேலே தொடங்குவது. வலிக்காது, மலம் கழித்த பின் பளிச்சென்ற சிவப்பு ரத்தம் சொட்டும், அல்லது கட்டி வெளியே வந்து போகும். வெளிமூலம் கோட்டுக்குக் கீழே, தோலுக்கு அடியில் இருப்பது.

வலிதான் முதல் தொல்லை என்றால் உள்மூலத்தைச் சந்தேகிப்பதற்கு முன் வேறு இரண்டைப் பாருங்கள். மலம் கழிக்கும்போது கண்ணாடித் துண்டு கிழிப்பதுபோல வலித்து, பிறகும் ஒரு மணி நேரம் எரிந்தால் அது பெரும்பாலும் ஆசனவாய்த் தோலில் விழுந்த வெடிப்பு. திடீரென்று ஒரு நாள் திராட்சைப் பழம்போல நீலமான கட்டி வெளியே புடைத்து, உட்காரவே முடியாமல் வலித்தால் அது ரத்தம் உறைந்த வெளிமூலம். உள்மூலத்தின் அடியைச் சுற்றி இறுக்கி அதை உதிரவைக்கும் ரப்பர் வளையம் இந்த இரண்டுக்கும் உதவாது. உறைந்த கட்டியைத் திறந்து எடுப்பதென்றால் முதல் 72 மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் பலன். அதைத் தாண்டிவிட்டால் வலி தானாகவே இறங்கத் தொடங்கியிருக்கும், வெந்நீரும் வலி மாத்திரையும் போதும்.

இனி, தவறவே கூடாத இடம். பெருங்குடல் புற்றுநோய் சிங்கப்பூரில் மிக அதிகமாக வரும் புற்றுநோய்களில் ஒன்று. அதுவும் ரத்தமாகத் தலைகாட்டலாம். “அப்பாவுக்கும் மூலம் இருந்தது, எனக்கும் அதுதான்” என்று தானே முடிவுகட்டுவது ஆபத்து. கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் குடல் உள்நோக்கி (ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது, கொலோனோஸ்கோப்பி) பார்த்த பிறகே மூலத்துக்குச் சிகிச்சை:

- வயது 50-ஐத் தாண்டியவர், அல்லது பெற்றோர், உடன்பிறந்தோரில் ஒருவருக்குக் குடல் புற்றுநோய் வந்திருப்பது
- ரத்தம் கருஞ்சிவப்பாக, மலத்தோடு கலந்து, சளியுடன் வருவது
- சில வாரங்களாக மலம் போகும் பழக்கமே மாறியிருப்பது, காரணமில்லாமல் எடை குறைவது
- ரத்தச்சோகை

50 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுதோறும் வீட்டிலேயே செய்யக்கூடிய மல ரத்தப் பரிசோதனைப் பெட்டி கிடைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் கண்டுபிடிக்க வந்த பெட்டி அது. கண்ணுக்கே ரத்தம் தெரிகிறவர் அதை வைத்துக்கொண்டு, ‘இல்லை’ என்று வந்த முடிவை நம்பி உட்காரக் கூடாது. நேராக மருத்துவரிடம் போகவேண்டும்.

எந்த நிலைக்கு என்ன

உள்மூலத்தை நான்கு நிலையாகப் பிரிப்பார்கள். ரத்தம் வரும், வெளியே எதுவும் வராது என்றால் நிலை 1. முக்கும்போது வந்து, எழுந்ததும் தானே உள்ளே போனால் நிலை 2. விரலால் தள்ளினால்தான் போகும் என்றால் நிலை 3. தள்ளினாலும் போகாமல் வெளியிலேயே நின்றால் நிலை 4.

நிலை 1-க்கும் சிறிய நிலை 2-க்கும் உணவு, மருந்து, ஊசி, அகச்சிவப்புக் கதிர். நிலை 2-க்கும் நிலை 3-ல் பெரிதாகாதவற்றுக்கும் ரப்பர் வளையம். நிலை 4-க்கும், வெளிமூலம் பெரிதாகச் சேர்ந்திருக்கும் நிலை 3-க்கும் அறுவைதான். அங்கே வளையம் போடுவது காசுக்கும் நேரத்துக்கும் கேடு.

லேசர், ஸ்டேப்ளர், டாப்ளர் கருவியால் ரத்தக்குழாயைத் தேடிக் கட்டுவது ஆகியவற்றையும் ‘வெட்டாத சிகிச்சை’ என்று விளம்பரப்படுத்துவார்கள். பெரிய காயம் இல்லை என்பது சரி. ஆனால் பொதுவாக மயக்கம் கொடுத்து அறுவைக்கூடத்தில் செய்வதால் அவை அறுவைக் கணக்கில்தான் சேரும். இந்த வழிகாட்டி பேசுவது மருத்துவரின் அறையிலேயே முடிகிறவற்றைப் பற்றி.

படி 1: ஆறு வாரம் மலத்தைச் சரிசெய்வது

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லாருக்கும் ஆசை. ஆனால் நிலை 1, 2-ல் இருப்பவர்களில் பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். நார்ச்சத்தைக் கூட்டினால் ரத்தப்போக்கு ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வளையம் போட்டவருக்கும் மலம் இறுகினால் அடுத்த மெத்தை சரியும்.

சிங்கப்பூர் சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் அளவு ஆண்களுக்கு நாளுக்கு 26 கிராம், பெண்களுக்கு 20 கிராம் நார்ச்சத்து. நம் சாப்பாட்டில் அதை எட்டுவது எப்படி? காலையில் உலர்ந்த ஓட்ஸ் 40 கிராம் என்றால் 4 கிராம். மதியம் அரைக் கப் கொண்டைக்கடலைச் சுண்டல் 6. ஒரு கை கீரையும் வெண்டைக்காய்ப் பொரியலும் சேர்ந்து 4. மாலையில் ஈரச்சந்தையில் விற்கும் பெரிய கொய்யாவில் பாதி 5. இரவு ஆட்டா மாவுச் சப்பாத்தி மூன்று, 7 அல்லது 8. கணக்கு 26-ஐத் தொட்டுவிட்டது. இதற்கு எதிர்ப்பக்கம்: ஒரு கப் வெள்ளைச் சோற்றில் அரை கிராமுக்குச் சற்றே அதிகம், பரோட்டா இரண்டும் கோப்பியும் சாப்பிட்டால் பெயருக்குத்தான் நார்.

எட்டவில்லையென்றால் இசப்கோல் உமி. மருந்துக்கடைகளில் 3.5 கிராம் பொட்டலமாக வருகிறது. தேக்காப் பக்கத்து (லிட்டில் இந்தியா) மளிகைக் கடைகளில் டப்பாவாகவே கிடைக்கும். காலையும் மாலையும் ஒரு பொட்டலம். 150 மி.லி. தண்ணீரில் கலக்கியதும் குடித்துவிடவேண்டும். இரண்டு நிமிடம் விட்டால் கூழாகிவிடும். அதன் மேல் இன்னொரு டம்ளர் தண்ணீர். தண்ணீர் போதாமல் இசப்கோல் சாப்பிட்டவர்தான் “எனக்கு இது சேரவில்லை, இன்னும் கட்டிப்போச்சு” என்பார். படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். மற்ற மாத்திரைகளோடு சேர்த்துச் சாப்பிடாமல் இடைவெளி விடுங்கள். முதல் நாளே முழு அளவுக்குப் போனால் வயிறு ஊதும். இரண்டு வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள்.

இவ்வளவுக்கும் மலம் இறுகினால் லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி 15 முதல் 30 மி.லி. அது வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் ஆகும், முதல் இரவே பலன் தேடாதீர்கள்.

உட்காரும் முறைக்கு வருவோம். பாதத்துக்கு அடியில் ஏழெட்டு அங்குல உயரமுள்ள ஸ்டூல் போட்டு, முழங்கால் இடுப்பை விட உயர்ந்திருக்கும்படி முன்னால் சாயுங்கள். ஊரில் குந்தி உட்கார்ந்த அதே கோணம்தான். ஐந்து நிமிடத்துக்குள் வரவில்லையென்றால் எழுந்துவிடுங்கள். கைப்பேசி கழிவறைக்கு வெளியே இருக்கட்டும். முக்குவது போலவே சும்மா உட்கார்ந்திருப்பதும் கெடுதல், ஏனென்றால் அந்த இருக்கையின் ஓட்டையில் மெத்தைகள் தாங்கலில்லாமல் தொங்கி ரத்தம் தேங்குகிறது. நடுவில் ஓட்டை போட்ட வளையத் தலையணையிலும் இதே சிக்கல்தான், அதை வாங்காதீர்கள்.

தங்குவிடுதியில் இருக்கும் தொழிலாளர்களுக்கு இதில் ஒரு கூடுதல் தொல்லை. விடியற்காலையில் கழிவறை வரிசை, உடனே லாரி. வந்த உந்துதலை அடக்கி, வேலையிடத்தில் தண்ணீரும் குறைத்துக் குடித்து, மறுநாள் கல்லாக இறுகிய மலத்தோடு போராடுவார்கள். அரை மணி நேரம் முன்னதாக எழுந்து, வெந்நீரோ கோப்பியோ குடித்து ஒரு வாய் ஏதாவது சாப்பிட்டால், வயிற்றில் உணவு விழுந்த 20, 30 நிமிடத்தில் குடல் தானாக அசையும். வரிசை நீளும் முன் போய்விடலாம்.

துத்திக் கீரை, கருணைக்கிழங்கு பற்றி ஒரு வார்த்தை. சாப்பாடாகச் சாப்பிடுங்கள், தப்பில்லை; நாரும் சேரும். ஆனால் வெளியே வந்து நிற்கும் கட்டியை அவை உள்ளே அனுப்பா. பெயர் இல்லாத களிம்பையோ, ‘ஒரே ஊசியில் கட்டி விழும்’ என்று ஊரில் யாரோ போடும் ஊசியையோ நம்பிப் போகாதீர்கள். எரிக்கும் மருந்து கோட்டுக்குக் கீழே பட்டால் தோல் வெந்து, ஆறும்போது ஆசனவாய் சுருங்கிவிடும். அதைச் சரிசெய்வது மூலத்தைச் சரிசெய்வதைவிடப் பல மடங்கு கடினம்.

வெந்நீர் உட்கார்வு: உடம்பு தாங்கும் சூட்டில், 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை. உப்பும் டெட்டாலும் வேண்டாம். தோல் எரிந்து அரிப்பு வருவதற்கு மூலத்தைவிட டெட்டால் காரணமாக இருப்பது சாதாரணம்.

டாஃப்லான் போன்ற மாத்திரைகள் ரத்தப்போக்கைத் தணிக்க உதவும். திடீரென்று அதிகமாகும்போது 500 மி.கி. மாத்திரை நாளுக்கு 6 வீதம் 4 நாள், பிறகு நாளுக்கு 4 வீதம் 3 நாள், உணவோடு. அதற்குப் பிறகு வேண்டுமானால் நாளுக்கு 2. கட்டியை அது கரைக்காது. ஸ்டீராய்டு கலந்த களிம்பை 7 நாளுக்கு மேல் போடாதீர்கள், தோல் மெலிந்துவிடும்.

படி 2: யாரிடம் போவது, செலவு எந்தக் கணக்கில்

நேராகத் தனியார் நிபுணரிடம் போனால் வேகம் கிடைக்கும், மானியம் கிடைக்காது. பலதுறை மருந்தகத்துக்கோ (பாலிகிளினிக்), சாஸ் அட்டை (தனியார் மருந்தகங்களில் மானியம் தரும் அரசு அட்டை) வைத்திருப்பவர் சாஸ் மருந்தகத்துக்கோ போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்கினால், அரசு மருத்துவமனையின் நிபுணர் பிரிவில் மானிய விலையில் பார்க்கலாம். காத்திருக்கவேண்டி வரும். அந்தக் காத்திருப்பைத்தான் மேலே சொன்ன ஆறு வாரமாக ஆக்கிக்கொள்ளுங்கள்.

சந்திப்பு குறிக்கும்போதே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். செய்யப்போவது வெளிநோயாளி அறையிலா, பகல்நேர அறுவைப் பிரிவிலா? சுகாதார அமைச்சின் அறுவைப் பட்டியலில் அதற்கு எந்தக் குறியீடு, எந்தப் படிநிலை? மெடிசேவ் கணக்கிலிருந்து (சம்பளத்தில் பிடித்துச் சேரும் மருத்துவச் சேமிப்பு) அதற்கு எவ்வளவு வரை எடுக்கலாம்? பட்டியலின் மிகக் கீழ்ப் படிநிலையான 1ஏ-க்கு 250 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அடுத்த 1பி-க்கு 350 வெள்ளி என்று வரம்பு ஏறிக்கொண்டே போகும். குறியீடு தெரியாமல் கட்டணத்தை ஒப்பிடவே முடியாது. உங்களுடையது நிலை 2 என்று சொல்லிவிட்டு உடனே அறுவைக்கூடத்தில் தேதி கொடுத்தால், “வளையம் போட்டால் ஏன் போதாது?” என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். நல்ல பதில் இருக்கலாம். இருந்தால் சொல்லட்டும்.

வேலை அனுமதி, எஸ் பாஸ் என்ற அனுமதிச் சீட்டுகளில் வேலைசெய்யும் வெளிநாட்டவர்களுக்கு மெடிசேவ் கிடையாது. ஆனால் முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்கவேண்டும் என்பது 2023 ஜூலை முதல் சட்டம்; உள்நோயாளிச் சிகிச்சையும் பகல்நேர அறுவையும் அதில் அடங்கும். வெளிநோயாளி அறையில் செய்வது அதில் வருமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்னது பில் வந்த பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

படி 3: ரப்பர் வளையம் போடும் நாள்

ரப்பர் வளையத்தைப் பரவலாக்கியவர் பாரன் (Barron) என்ற அமெரிக்க மருத்துவர், ஆண்டு 1963. அறுபது ஆண்டுக்குப் பிறகும் மருத்துவர் அறையில் செய்யும் முறைகளில் முதலிடம் இதற்குத்தான். ஊசியையும் கதிரையும்விடப் பலன் அதிகம், வலியும் சற்று அதிகம்.

போவதற்கு முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லவேண்டியவை: வார்ஃபரின், குளோபிடோக்ரெல், ரிவராக்சபான், அபிக்சபான் போன்ற ரத்தம் உறையாமல் காக்கும் மருந்துகள், லேட்டக்ஸ் ரப்பர் ஒவ்வாமை, கல்லீரல் சுருக்கம், கர்ப்பம், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து, கட்டுப்பாடில்லாத சர்க்கரை. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் மூலத்துக்காக மாத்திரையை விட்டால் விலை உயிராக இருக்கலாம். நிறுத்துவதா வேண்டாமா என்பதை இதய மருத்துவரும் சேர்ந்துதான் முடிவுசெய்வார்.

பட்டினி வேண்டாம். வெறும் வயிற்றில் போனால் மயக்கம் வரும். காலையில் மலம் போய்விட்டு வந்தால் போதும். சில இடங்களில் சிறிய எனிமா கொடுப்பார்கள்.

இடப்பக்கமாகப் படுத்து முழங்கால்களை நெஞ்சுக்கு இழுக்கச் சொல்வார்கள். முதலில் விரல் பரிசோதனை, பிறகு ஜெல் தடவிய குறுகிய குழாய். அதன் வழியே வெளிச்சம் பாய்ச்சி மூன்று மெத்தைகளில் எது சரிந்திருக்கிறது, எது ரத்தம் கசிகிறது என்று பார்ப்பார். வளையம் மாட்டும் கருவியின் நுனியில் மிளகளவு ரப்பர் வளையம் விரிந்து உட்கார்ந்திருக்கும். கருவியின் வாயை மெத்தையின் மேற்புறத்தில், கோட்டிலிருந்து குறைந்தது 1 செ.மீ., முடிந்தால் 2 செ.மீ. உயரத்தில் வைத்து உறிஞ்சுவார். சதை குழலுக்குள் ஏறும்.

இங்கே ஒரு நொடி நிற்பார். உங்களிடம் கேட்பார்.

சிங்கப்பூரில் மருத்துவருக்கும் உங்களுக்கும் பொது மொழி ஆங்கிலமாக இருக்கலாம். படுத்திருக்கும் நிலையில் சொல் வராது. எனவே இரண்டு சொற்களை முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மலம் வருவதுபோல முட்டுகிறது, கனக்கிறது என்றால் ‘பிரஷர்’. அது சரி, அப்படித்தான் இருக்கும். சுருக்கென்று குத்துகிறது, கிள்ளுகிறது என்றால் ‘ஷார்ப் பெயின்’. அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கக் கூடாது. கருவி கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது என்று அர்த்தம். உறிஞ்சலை விட்டுவிட்டு இன்னும் மேலே வைப்பார். டாக்டரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று பேசாமல் இருக்கும் நம் பழக்கம், வேறு எங்கேயும்விட இந்த ஒரு நொடியில்தான் அதிகக் கெடுதல் செய்கிறது. வளையம் தோலைச் சேர்த்துப் பிடித்துவிட்டால் அன்றிரவு தூக்கமே இருக்காது; வெட்டி எடுக்கத் திரும்ப வரவேண்டும்.

சம்மதம் கிடைத்ததும் விசையை அழுத்துவார். ‘டிக்’ என்ற சிறு சத்தம். வளையம் சதையின் அடியைச் சுற்றி இறுகும்; கருவியை எடுத்ததும் கருநீலமாகும் சிறு செர்ரிப் பழம்போல அது உள்ளே நிற்கும். ஒரு தடவைக்கு ஒன்று முதல் மூன்று வளையம். முதல் முறை ஒன்றோ இரண்டோ போதும். ஒரே நாளில் மூன்றையும் முடித்துவிடுங்கள் என்று நீங்கள் வற்புறுத்தினால் வலியும் அதற்கேற்றபடி கூடும். மிச்சத்தை 4 முதல் 6 வாரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

எழுந்ததும் உடனே நடக்காதீர்கள். தலைசுற்றி விழுகிறவர்கள் உண்டு, அதுவும் நல்ல திடகாத்திரமானவர்கள். ஐந்து பத்து நிமிடம் உட்கார்ந்து, சூடாக ஏதாவது குடித்துவிட்டுக் கிளம்புங்கள். வீட்டுக்குக் கிராப்போ டாக்சியோ நல்லது.

வளையம் இல்லாத இரண்டு வழிகள்

ஊசி: எண்ணெயில் கரைத்த 5 சதவீத ஃபீனாலை ஒரு மெத்தைக்கு 3 முதல் 5 மி.லி. வீதம் சவ்வுக்கு அடியில் செலுத்துவார்கள்; இப்போது பொலிடோக்கனால் என்ற மருந்தும் உண்டு. அந்த இடம் தழும்பாகி மெத்தையை மேலே ஒட்டவைக்கும். எண்ணெய் பாதாமோ வேர்க்கடலையோ ஆக இருக்கலாம் என்பதால் கடலை ஒவ்வாமை உள்ளவர் சொல்லியே ஆகவேண்டும். ஆண்களுக்கு முன்பக்கம் ஊசி ஆழமாகப் போனால் புரோஸ்டேட்டில் பட்டு, சிறுநீரில் ரத்தமும் காய்ச்சலும் வரும்.

அகச்சிவப்புக் கதிர்: விளக்கு முனையை மெத்தையின் மேற்புறத்தில் வைத்து ஒன்று முதல் ஒன்றரை நொடி சூடு காட்டுவார்கள், ஒரு மெத்தைக்கு மூன்று நான்கு புள்ளி. வலி குறைவு. ரத்தம் மட்டும் வரும் நிலை 1-க்கு ஏற்றது. வெளியே தள்ளும் கட்டிக்கு வலு போதாது, திரும்ப வரும்.

படி 4: அடுத்த இரண்டு வாரம்

முதல் இரண்டு நாள் ஏமாற்று நாட்கள். மலம் முட்டிக்கொண்டு நிற்பதுபோலவே இருக்கும். அது மலம் இல்லை, வளையம் பிடித்த சதை. இது தெரியாமல் திரும்பத் திரும்பக் கழிவறைக்குப் போய் முக்கினால் வளையம் நேரத்துக்கு முன்பே நழுவி, செய்தது வீணாகும். படுத்துக்கொள்ளுங்கள், பனடால் (பாராசிட்டமால்) 500 மி.கி. இரண்டு மாத்திரை, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 8-ஐத் தாண்டாமல். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் வேண்டாம், ரத்தம் கசியும். கோடீன், ட்ரமடால் கலந்தவை மலத்தை இறுக்கும். இசப்கோலை ஒரு வேளையும் விடாதீர்கள்.

5-ஆம் நாளிலிருந்து 10-ஆம் நாளுக்குள் சதை காய்ந்து வளையத்தோடு உதிரும். பெரும்பாலும் கண்ணில் படாது. அன்று சிறிது ரத்தம் சொட்டுவது இயல்பு. உதிர்ந்த இடத்தில் ஒரு சிறு புண் இருக்கும். அது ஆறும் வரை, அதாவது 14-ஆம் நாள் வரை, திடீர் ரத்தப்போக்குக்கு வாய்ப்பு உண்டு. நூறில் ஒருவருக்கு நேரலாம். “ஒரு வாரம் ஆச்சே, இனிமேல் என்ன” என்று திருச்சிக்கோ சென்னைக்கோ டிக்கெட் போடுவது இந்தக் காரணத்தால்தான் தவறு. இரண்டு வாரம் நீண்ட பயணமும் பாரம் தூக்குவதும் வேண்டாம். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர் குறைந்தது ஒரு மாதம் முன்பே முடித்துக்கொள்வது நல்லது. அலுவலக வேலைக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ போகலாம். கட்டுமானத் தளத்திலோ கப்பல் பட்டறையிலோ இருப்பவர் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) மட்டும் வாங்காமல், இரண்டு வாரத்துக்கு லைட் டியூட்டி என்று கடிதத்தில் எழுதியே வாங்கவேண்டும்.

மூன்று அறிகுறிகள் சேர்ந்தோ தனியாகவோ வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள்: நேரம் ஆக ஆக ஏறும் வலி, காய்ச்சல், சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது. இடுப்புக்குழியில் கிருமித் தொற்று பரவுவதன் அடையாளமாக இது இருக்கலாம். அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்தானது. அவசரப் பிரிவில் போய் முதல் வாக்கியமாகவே “இத்தனை நாள் முன்பு மூலத்துக்கு ரப்பர் வளையம் போட்டது” என்று சொல்லுங்கள். ரத்தம் கட்டி கட்டியாக வந்தாலோ, போகும்போதெல்லாம் கழிவறைக் கோப்பை சிவந்தாலோ, எழுந்தால் கண் இருட்டினாலோ ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.

பலன் இல்லையென்றால்

முதலில் எதை எதிர்பார்த்தீர்கள் என்று பாருங்கள். வெளியே தொங்கும் தோல் மடிப்பு வளையத்தால் போகாது. அது கோட்டுக்குக் கீழே இருப்பது. ரத்தம் நின்று, கட்டி வெளியே வராமலிருந்தால் வேலை முடிந்தது என்று பொருள், தோல் மடிப்பு மிச்சமிருந்தாலும்.

ரத்தம் திரும்ப வந்தால் மனம் தளர வேண்டாம். பிரிட்டனில் நடந்து 2016-ல் லான்செட் இதழில் வெளிவந்த ஹப்பிள் ஆய்வில், வளையம் போட்டவர்களில் 49 சதவீதத்தினருக்கும், மயக்கம் கொடுத்து டாப்ளர் முறையில் கட்டியவர்களில் 30 சதவீதத்தினருக்கும் ஓராண்டுக்குள் தொல்லை திரும்பியது. இந்த எண்ணை மட்டும் காட்டி அறுவைக்கு இழுப்பார்கள். ஆனால் அதே ஆய்வில், தேவைப்பட்டவருக்கு இரண்டாம் முறை வளையம் போடுவதையும் சிகிச்சையின் பகுதியாகவே எண்ணியபோது அந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. டாப்ளர் முறையில் தொடக்க வலியும் செலவும் அதிகம். ஆகவே முதல் நாளே மனத்தில் இரண்டு அல்லது மூன்று அமர்வு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று அமர்வுக்குப் பிறகும் ரத்தம் வந்தாலோ, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறாவிட்டாலோ, விரலால் தள்ளிய கட்டி நிற்காமல் வந்துகொண்டே இருந்தாலோ நான்காவது வளையம் கேட்காதீர்கள். குடல் உள்நோக்கி இதுவரை பார்க்கவில்லையென்றால் அதை முதலில் முடித்துவிட்டு, அறுவை பற்றிப் பேசத் தேதி வாங்குங்கள்.